களிம்பும் பஞ்சும்

களிம்பு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. எந்தப் பெற்றோருக்கும் அவ்வளவு துணிச்சல் வராது. கணினியில் ஆடும் ஒரு சண்டை விளையாட்டுக்குள் முதன்முதலாக நுழைந்தபோது, உள்ளே உன்னை என்ன பெயரில் கூப்பிடுவது என்று திரை கேட்டது. மேசை மேல் முதுகுவலிக்கு வாங்கிய களிம்பு ட்யூப் கிடந்தது. யோசிக்காமல் அதையே அடித்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு, முகம்கூடப் பார்த்திராத எட்டுப் பேர் அவளைக் 'களிம்பக்கா' என்கிறார்கள். நாமும் அப்படியே கூப்பிட்டுவிட்டுப் போவோம்.

வயது நாற்பதைத் தாண்டிச் சில வருடங்கள். வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். முன்பக்கம் கண்ணாடி அலமாரியும் விளக்குமாகப் பளபளவென்று இருக்கும். அது முதலாளிக்கும் கவுன்ட்டர் பெண்ணுக்கும். களிம்பின் ராஜ்யம் திரைச்சீலைக்குப் பின்னால். அங்கே ஒரு ஸ்டூல், ஒரு மேசை விளக்கு, லென்ஸ் தேய்க்கும் இயந்திரம். வட்டமாக வருகிற லென்ஸை ஃப்ரேமின் வடிவத்துக்குத் தேய்த்து, விளிம்பின் கூர்மையை மழுக்கி, ஃப்ரேமுக்குள் அமுக்கி உட்கார வைத்து, கடுகு போன்ற ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். அந்த ஸ்க்ரூ கைதவறித் தரையில் விழுந்துவிட்டால் கடையில் ஒருவரும் காலை நகர்த்தக் கூடாது. முதலாளியே ஆனாலும் தூக்கிய காலைத் தூக்கியபடி நிற்க வேண்டியதுதான்.

வேலையில் அவளை ஒரு குறை சொல்ல முடியாது. குறை வேறு இடத்தில் இருந்தது. அடுத்தவர் கை நீளுவதற்குள் இவள் கை நீண்டுவிடும். கவுன்ட்டர் பெண் ஒரு வாடிக்கையாளரின் கண்ணாடியில் காதில் மாட்டும் கம்பியைக் கொஞ்சம் வளைத்துக் கொடுக்கலாம் என்று எடுப்பாள். திரைச்சீலை விலகும், "இங்க கொடு" என்று களிம்பு வந்து நிற்பாள். வீட்டில் கணவர் சாப்பிட்ட தட்டைக் கழுவ எழுந்தால், தட்டு அதற்குள் குழாயடியில் இருக்கும். சட்டைக்குப் பொத்தான் தைக்க அவர் ஊசியில் நூல் கோக்கும்போதே சட்டை கைமாறிவிடும். தபால் நிலையத்தில் பார்சல் பிரிக்கிற மனிதர் அவர், பொறுமைசாலி. "முந்திரிக்கொட்டை" என்று மட்டும் முனகிவிட்டு ஊசியையும் கொடுத்துவிடுவார். அவளிடம் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. உதவி செய்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கணவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். இவளுக்குப் பகலில் தூக்கம் வராது. வீட்டில் துடைத்ததையே எத்தனை தடவை துடைப்பது? கவுன்ட்டர் பெண்தான் இந்த விளையாட்டைக் காட்டிக்கொடுத்தாள். அவள் ஒரு மாதத்தில் அலுத்துப்போய் விட்டுவிட்டாள். களிம்பு பிடித்துக்கொண்டாள்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்துப் பேர் சேர்ந்து ஒரு குகைக்குள் போவார்கள். அதற்கு ரெய்டு என்று பெயர். உள்ளே ராட்சசர்கள் இருப்பார்கள். ஒருவர் முன்னால் நின்று எல்லா அடியையும் தானே வாங்கிக்கொள்வார். மற்றவர்கள் வெட்டுவார்கள், எரிப்பார்கள், அம்பு விடுவார்கள். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் உயிரைக் காட்டுகிற பச்சைக் கோடு ஒன்று ஓடும். அடிபட அடிபட அது குறையும். காலியானால் ஆள் காலி. அந்தக் கோட்டை மறுபடி நிரப்பிக்கொண்டே இருப்பவருக்கு ஹீலர் என்று பெயர். அவரிடம் உள்ள மருந்துச் சக்திக்கும் ஒரு அளவு உண்டு. பத்துப் பேருக்கு இரண்டு ஹீலர் இருந்தால் நல்லது.

இருந்தால்தானே? வெட்டுவதற்கு ஆள் முண்டியடித்துக்கொண்டு வருகிறது, வைத்தியம் பார்க்க ஆள் கிடைப்பதில்லை. ஏன் கிடைக்கும்? ராட்சசன் விழுந்தால் வெட்டியவனுக்குக் கைதட்டல். நம் ஆள் விழுந்தால் முதல் கேள்வியே, "ஹீலர் தூங்கறாங்களா?" என்பதுதான். திட்டு வாங்குவதற்கென்றே ஒரு வேலை இருந்தால் அதற்கு யார் விழுந்தடித்துக்கொண்டு வருவார்கள்? களிம்பு வந்தாள். யாருக்கோ அடிபடும், இவள் முந்திக்கொண்டு ஓடிப்போய் நிரப்புவாள். அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை அது.

அவள் சேர்ந்த குழுவில் அவளோடு ஒன்பது பேர். பத்தாவது இடம் இரண்டாவது ஹீலருக்கு என்று காலியாகவே கிடந்தது. தலைவர், நிஜத்தில் ஒரு பஸ் டிப்போவில் டைம்கீப்பர். டிப்போவில் அவர் பேச்சை ஒரு டிரைவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. விசிலை அவர் வாயில் வைப்பதற்குள் பஸ் போயே போய்விடும். அந்த ஏக்கத்தையெல்லாம் மனிதர் இங்கே தீர்த்துக்கொண்டார். முன்னால் நின்று அடி வாங்குவது இடிதாங்கி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் அவள், மைக் இல்லாமலேயே மைதானத்தின் அடுத்த கோடிக்குக் கேட்கிற குரல். மற்றவர்கள் வெட்டுகிற கூட்டம், அவர்கள் பெயர் நமக்கு வேண்டாம்.

அடுத்த ஹீலரைச் சேர்க்க டைம்கீப்பர் தகுதிகள் வைத்திருந்தார். நல்ல கவசம் வேண்டும், ஆடும்போது பேசிக்கொள்ள நல்ல மைக் வேண்டும், முன் அனுபவம் வேண்டும். கடைசியாக ஒரு பரீட்சை. களிம்போடு சேர்ந்து ஒரு சண்டைக்கு வர வேண்டும். சண்டை முடிந்ததும் யார் எவ்வளவு வைத்தியம் பார்த்தார் என்று விளையாட்டே திரையில் ஆளுக்கொரு பட்டையாகப் போட்டுக் காட்டும். புதியவரின் பங்கு மொத்தத்தில் மூன்றில் ஒன்றாவது இருக்க வேண்டும்.

"நான் ஒண்ணும் பாதி கேக்கலையே. மூணுல ஒரு பங்குதானே கேக்கறேன்" என்பார் டைம்கீப்பர். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

ஆனால் ஒருவரும் தேறவில்லை. ஒரு வங்கி ஊழியர் வந்தார், பத்தில் ஒரு பங்குகூடத் தேறாமல் போனார். ஒரு கல்லூரிப் பெண் வந்தாள், சண்டை முடிந்த கையோடு ஒரு வார்த்தை பேசாமல் இணைப்பைத் துண்டித்துக்கொண்டாள். பிறகு பஞ்சு என்று ஒருவர் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், ஐம்பதைக் கடந்தவர், பூனை நடக்கிற மாதிரி மெல்லிய குரல். பெயரைக் கேட்டதும் இடிதாங்கி, "களிம்பு இருக்கு, பஞ்சும் வந்தாச்சு, இனி கட்டுப்போட வேண்டியதுதான் பாக்கி" என்று சிரித்தாள். சண்டை முடிந்தது. திரையில் களிம்பின் பட்டை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை நீண்டிருந்தது. பஞ்சின் பட்டை நகக்கண் அளவு.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் டைம்கீப்பர். "எங்க தரத்துக்கு இது பத்தாது."

"பரவாயில்லைங்க. கூப்பிட்டு ஆட விட்டதே பெருசு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

"இந்தக் காலத்துல நல்ல ஹீலரே கிடைக்கறதில்ல. களிம்பக்கா இல்லன்னா நாமெல்லாம் என்னிக்கோ செத்திருப்போம்" என்றார் டைம்கீப்பர். களிம்பு ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சு வெளிப்பூச்சு. உள்ளே அவளுக்கு இனித்தது. கடையில் திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளிடம் யாரும் இப்படியெல்லாம் சொன்னதில்லை.

கை மரத்துப்போக ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். முதலில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் எறும்பு ஊர்வது போல இருந்தன. கையை உதறினால் சரியாகிவிடும். அப்புறம் உதறினாலும் சரியாகவில்லை. ஒருநாள் கடையில், ஒரு பெரியவருக்காகப் பல நாள் காத்திருந்து வரவழைத்த லென்ஸ், பிடித்திருக்கிறோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே கீழே விழுந்து உடைந்தது. விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் கையில் அது இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. "கையை முதல்ல காட்டும்மா" என்றார். "உன் கையை நம்பித்தான் நான் கடை போட்டிருக்கேன். இது சரியாகலன்னா எனக்கும் வேற வழி தெரியல."

டாக்டர் கையை அப்படியும் இப்படியும் மடக்கிப் பார்த்தார். மணிக்கட்டில் ஒரு நரம்பு நசுங்குகிறது, சின்ன அறுவை சிகிச்சை, ஒரே நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார். தள்ளிப்போட்டால் கட்டைவிரல் அடியில் சதை வற்றிவிடும், பிறகு ஸ்க்ரூவும் பிடிக்க முடியாது, ஒன்றும் பிடிக்க முடியாது என்றார். முடிந்த பிறகு ஓரிரு மாதம் வலது கைக்கு முழு ஓய்வு. "மவுஸ் பக்கமே போகக் கூடாது" என்று தனியாக வேறு சொன்னார்.

எந்த வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டதற்கு, "யோசிச்சுச் சொல்றேன் டாக்டர்" என்று எழுந்து வந்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டுவிட்டார். "இதுல யோசிக்க என்னம்மா இருக்கு?"

"கொஞ்ச நாள் போகட்டுமேங்க."

"எதுக்கு? சதை வத்தறதுக்கா?"

களிம்பு தண்ணீர் குடிப்பது போல அடுப்படிக்குப் போனாள். அவர் பின்னாலேயே வந்தார். அவர் அப்படியெல்லாம் பின்னால் வருகிற ஆள் இல்லை.

"நான் போயிட்டா ஹீலர் யாருமில்லைங்க. அப்படி ஆனா கூட்டத்தையே கலைச்சிடுவேன்னு தலைவர் முன்னாடியே சொல்லியிருக்காரு. ஒரு ஆள் கிடைக்கற வரைக்கும்தான்."

"எத்தனை பேர் வந்தாங்க, எல்லாரையும் துரத்தி விட்டீங்களே."

"அவங்க யாரும் தேறலையே. நான் என்ன செய்யட்டும்?"

கணவர் அவள் கையை எடுத்துப் பார்த்தார். "உன் கை போனா வேலை போகும். வேலை போனா நீ இந்த வீட்டுக்குள்ள என்னை உட்காரவும் விடமாட்டே, நிக்கவும் விடமாட்டே" என்றார். சிரிப்பு வராமலே சொன்னார். களிம்புக்குப் பயமாக இருந்தது. கை போய்விடுமோ என்று ஒரு பயம். தான் ஒதுங்கினால் அந்த எட்டுப் பேரும் திசைக்கொருவராகப் போய்விடுவார்களே என்று ஒரு பயம். இரண்டுக்கும் அடியில் இன்னொரு பயமும் இருந்தது. தான் இல்லாமலும் அவர்கள் நன்றாகவே ஆடிவிட்டால்? அதைக் கணவரிடம்கூட அவள் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு சமாதானம் செய்துகொண்டாள். டாக்டர் கொடுத்த பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொள்வது, மவுஸைத் தொடாமல் இருப்பது, வருகிற ஞாயிறு குழுவிடம் விஷயத்தைச் சொல்லி ஆள் தேடச் சொல்வது. ஆள் கிடைத்த அடுத்த நாளே அறுவை சிகிச்சை. "கிடைக்கலன்னா?" என்றார் கணவர். அவள் மணிக்கட்டுப் பட்டையை எடுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

ஞாயிறு மதியம் மைக்கில் அவள் விஷயத்தைச் சொன்னாள். பிறகு டைம்கீப்பர் தொண்டையைச் செருமினார்.

"ரெண்டாவது ஹீலருக்குன்னே எல்லா இடத்துலயும் ஆள் கேட்டுப் பார்த்தாச்சுக்கா. ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்க. அந்தக் கூட்டத்துக்குப் போனா அவமானப்படுத்தி அனுப்புவாங்கன்னு வெளிய பேச்சாம்."

"நாம யாரை அவமானப்படுத்தினோம்?" என்றாள் களிம்பு.

"பஞ்சு சாரைக் கேட்டுப் பாக்கலாமே. அவர் கோபிச்சுக்கிட்டுப் போகல" என்றாள் இடிதாங்கி.

"அவர் பங்கு எவ்வளவுன்னு ஞாபகம் இருக்கா டீச்சர்?"

"தரத்தை வெச்சு நாக்கு வழிக்கவா தலைவரே? ஆளே இல்ல. கூப்பிடுங்க."

கூப்பிட்டார்கள். சற்று நேரத்தில் அந்தப் பூனைக்குரல் வந்துவிட்டது. "கூப்பிட்டீங்களேன்னு வந்தேன்" என்றார் பஞ்சு. வீம்பு ஒன்றும் காட்டவில்லை. டைம்கீப்பருக்கே கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது.

உள்ளே போய்ப் பார்ப்போம் என்று முடிவானது. திரையில் களிம்புக்காக ஆடும் பொம்மை குகை வாசலில் சும்மா நிற்கும், பஞ்சு மட்டும் வைத்தியம் பார்ப்பார். பரீட்சைக்குக் கல்ராட்சசன் என்கிற கடைசி ராட்சசனையே எடுத்துக்கொண்டார்கள். பல மாதமாக இந்தக் குழுவுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருக்கிறவன் அவன். எப்படியும் தோற்கத்தானே போகிறோம், பெரிய இடத்திலேயே தோற்றுவிட்டுப் போவோம் என்றார் டைம்கீப்பர்.

சண்டை தொடங்கியது. கல்ராட்சசன் இடிதாங்கியை ஓங்கி ஒன்று வைத்தான். பச்சைக் கோடு சரசரவென்று இறங்கியது. களிம்பின் இடது கை தானாகக் கீபோர்டுக்குப் போனது. அன்றைக்குத் தூங்காமல் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கணவர், கீபோர்டைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"கொடுங்க. டீச்சர் செத்துடுவாங்க."

"சாகட்டும். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு எழுந்து போயிடுவாங்க."

கோடு முக்கால் ஆனது. பஞ்சு ஒன்றும் செய்யவில்லை. பாதியானது. அப்போதும் ஒன்றும் செய்யவில்லை. களிம்புக்கு உட்கார முடியவில்லை, நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். இந்த மனிதர் தூங்குகிறாரா என்று அவளே நினைத்தாள். பாதிக்கும் கீழே போனபோது, பஞ்சு ஒரே ஒரு பெரிய வைத்தியம் போட்டார். கோடு ஒரே தாவலாகத் தாவி மேலே போய் நின்றது.

"என் கோடு இவ்வளவு கீழ போயிட்டும் திரும்பி வரும்னே எனக்குத் தெரியாது" என்றாள் இடிதாங்கி. "அக்காவுக்குச் சக்தி இருக்கற வரைக்கும் அது அசைஞ்சே நான் பார்த்ததில்ல."

சண்டை நீண்டுகொண்டே போனது. வழக்கமாக நடுவழியிலேயே களிம்பின் மருந்துச் சக்தி தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக விழுவார்கள். ஏன் தீர்கிறது என்று ஒருவருக்கும் புரிந்ததில்லை. இன்றைக்குப் பஞ்சிடம் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. கல்ராட்சசனின் கடைசிக் கட்டம்வரை போய்விட்டார்கள். அங்கே அவன் புதிதாக என்னவோ வித்தை காட்டி எல்லோரையும் சுருட்டிப் போட்டான். ஆனாலும் இவ்வளவு தூரம் அவர்கள் போனதே இல்லை.

முதலில் டைம்கீப்பர்தான் கேட்டார். "சார், அன்னிக்கும் நீங்க இப்படித்தான் ஆடினீங்களா?"

"ஆமாங்க."

"அப்புறம் ஏன் அன்னிக்கு நகக்கண் அளவு வந்துது?"

பஞ்சு தயங்கினார். "தப்பா நினைக்கக் கூடாது. நான் எப்பவும் பாதி குறையட்டும்னு காத்திருப்பேன். ஆனா அன்னிக்குக் கோடு குறையவே இல்லைங்க. ஒரு கீறல் விழும், நான் கையை எடுக்கறதுக்குள்ள இந்த அம்மா நிரப்பிடுவாங்க. ஒரு சின்னக் காயம்கூட எனக்கு மிச்சம் இல்ல. இந்த இடத்துல வழக்கம் இப்படித்தான் போலன்னு இருந்துட்டேன்."

களிம்புக்குச் சுரீர் என்றது. வங்கி ஊழியர் நினைவுக்கு வந்தார். ஒரு வார்த்தை பேசாமல் போன கல்லூரிப் பெண் நினைவுக்கு வந்தாள். அவர்கள் யாருக்கும் வைத்தியம் தெரியாமல் இல்லை. வைத்தியம் பார்க்க அவள் ஒரு காயத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடு என்றுதான் குழு கேட்டிருந்தது, அவளும் விட்டுக்கொடுப்பதாகத்தான் மனதார நினைத்திருந்தாள். விரல் மட்டும் முந்திக்கொண்டே இருந்திருக்கிறது. கீறலுக்கெல்லாம் மருந்தை வாரி இறைத்துவிட்டு, நடுவழியில் தீர்ந்துபோகிறதே என்று புலம்பியதும் அவள்தான்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. மைக்கை அணைத்துவிட்டு ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஓடவில்லை. "தலைவரே, உங்க தரத்துல ஒண்ணும் தப்பில்ல. நான்தான் யாரையும் கை வைக்க விடல. எல்லாத்தையும் நானே வாரிக்கிட்டேன்" என்றாள். "பஞ்சு சார், என்னை மன்னிச்சிடுங்க."

"அட, விடுங்கம்மா. அக்கறை இருக்கறவங்கதான் முந்துவாங்க" என்றார் அவர்.

"அப்ப நாம அத்தனை பேரையும் தேவையே இல்லாம அனுப்பியிருக்கோம்" என்று டைம்கீப்பர் மெல்லச் சொன்னார். "நானாவது அதைப் பார்த்திருக்கணும். பட்டை நீளமா இருந்தா நல்ல ஹீலர்னு நினைச்சுட்டேன்."

"இனிமே தரம் கிரம்னு வாயைத் திறந்தீங்கன்னா உங்க விசிலைப் பிடுங்கிடுவேன்" என்றாள் இடிதாங்கி. அவர் அந்த வாரமே வங்கி ஊழியருக்கும் கல்லூரிப் பெண்ணுக்கும் தானே வருத்தம் தெரிவித்து எழுதினார் என்று பிற்பாடு தெரிந்தது.

கீபோர்டைக் கணவர் மேசையில் திருப்பி வைத்தார். ஒரு வார்த்தையாவது சொல்லிக் காட்டுவார் என்று களிம்பு எதிர்பார்த்தாள். "நாளைக்கு டாக்டருக்குப் போன் பண்ணிடவா?" என்றுதான் கேட்டார். பண்ணுங்க என்று சொல்லும்போது, தோளில் ரொம்ப நாளாகத் தூக்கிக்கொண்டிருந்த எதையோ யாரோ பின்னாலிருந்து வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அன்றைக்கு அவர் தட்டைக் கழுவ எழுந்தார். அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. விரல்களில் எறும்பு ஊர்வது நின்றுவிட்டது என்று சொன்னபோது டாக்டர் தலையாட்டினார். கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தாள். கணவர் சமைத்தார், துவைத்தார், பொத்தான் தைத்தார். பொத்தான் கொஞ்சம் கோணல்தான். முதலாளி ஒரு மாலை வந்து பார்த்துவிட்டுப் போனார். "நீ வர்றவரைக்கும் அவ பார்த்துக்கறா. பரவாயில்லாம செய்யறா, நீ கத்துக்கொடுக்கவே இல்லையேன்னு என்கிட்ட குறைப்பட்டுக்கிட்டா" என்று கவுன்ட்டர் பெண்ணைப் பற்றிச் சொன்னார். களிம்புக்கு அது சுருக்கென்றது, ஆனால் கோபம் வரவில்லை. ஸ்டூல் அவளுக்காகவே இருக்கிறது என்றும் முதலாளி சொல்லிவிட்டுத்தான் போனார்.

அடுத்த ஞாயிறு வந்தது. குழு பஞ்சோடு போகும் என்று அவளுக்குத் தெரியும். கணினியைப் போடவில்லை. தன் இடத்தில் வேறொருவர் நன்றாக ஆடுவதைப் பார்க்கிற தைரியம் இன்னும் வரவில்லை. நடுக்கூடத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. இடிதாங்கி.

"எங்கக்கா போயிட்டீங்க? எல்லாரும் குகை வாசல்ல நிக்கறோம்."

"நான் எதுக்கும்மா? கை கட்டியிருக்கு."

"தலைவர் பேசணுமாம்."

அதே அழைப்பில் டைம்கீப்பரையும் இணைத்துவிட்டாள். "அக்கா, உங்க இடம் உங்களுக்குத்தான். இடது கை இருக்கில்ல? வந்து நில்லுங்க, போதும்."

"ஒத்தைக் கைக்காரியை உள்ள விடறதா? உங்க தரம் என்ன ஆச்சு?"

"தரமாவது மண்ணாங்கட்டியாவது. வாங்கக்கா."

களிம்பு எழுந்தாள். கணவர் ஒன்றும் கேட்காமல் கணினியைப் போட்டுக் கொடுத்தார். கல்ராட்சசனிடம் முதலில் ஒருமுறை தோற்றார்கள், இன்னொருமுறையும் தோற்றார்கள். கடைசிக் கட்டத்தில் அவன் எப்போது அடிப்பான் என்று யாராலும் கணிக்க முடியவில்லை. சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்த களிம்புக்கு மட்டும் அது பிடிபட்டது. அடி விழுவதற்கு முன்னால் அவன் தோளைச் சற்று இறக்குகிறான். வருகிற அடியை வருவதற்கு முன்பே பார்ப்பதுதானே அவளுடைய பிறவிக் குணம்?

மூன்றாம் முறை அவள் குரல் கொடுத்தாள். "பஞ்சு சார், இப்ப வரும்." வந்தது. அவர் தயாராக இருந்தார். "டீச்சர், நகருங்க." இடிதாங்கி நகர்ந்தாள். அவள் முந்திச் சொல்லச் சொல்ல அவர் பொறுத்திருந்து நிரப்பினார். கல்ராட்சசன் முழங்காலில் விழுந்தான், பிறகு முகம் குப்புற விழுந்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியதில் யார் என்ன சொன்னார்கள் என்றே தெரியவில்லை. டைம்கீப்பர் நிஜமாகவே விசிலை எடுத்து ஊதினார்.

சத்தம் அடங்கிய பிறகு களிம்பு திரையைப் பார்த்தாள். எல்லோர் கோடும் நிறைந்திருந்தது. இடிதாங்கியின் கோடு மட்டும் பாதியில் நின்றது.

"பஞ்சு சார், டீச்சரை விட்டுட்டீங்களே. சக்தி தீர்ந்துடுச்சா?"

"நிறைய இருக்கு தங்கச்சி" என்றார் பஞ்சு, அதே பூனைக்குரலில். அவர் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. "அந்தக் காயம் உங்களுக்குன்னு மிச்சம் வெச்சிருக்கேன்."

களிம்புக்குக் கண் கலங்கிவிட்டது. திரை சரியாகத் தெரியவில்லை. கணவர் கீபோர்டை அவள் இடது கைப்பக்கம் நகர்த்தி வைத்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை, ஒன்பது பேரும் காத்திருந்தார்கள். பழக்கமில்லாத இடது விரலால் தேடித் தேடி ஒரு பொத்தானை அழுத்தினாள். இடிதாங்கியின் கோடு நிதானமாக ஏறி நிறைந்தது.